உண்ணாமலை உட்கார்ந்த மூன்று மணி நேரம்

ஆரணியில் ஒரு பெரிய பட்டுக்கடையில் பத்தொன்பது வருஷமாகச் சேலை எடுத்துக் காட்டுகிறவள் உண்ணாமலை. முள்ளிப்பட்டிலிருந்து காலை எட்டரை பஸ். ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் கடை கட்டும் வரை நின்றபடிதான். வலது முட்டி வீங்கி, டாக்டர் நிற்கக் கூடாது என்று சொல்லி ஆறு மாசமாகிறது. அவருக்கென்ன, சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லிவிட்டார். அவள் கேட்டதெல்லாம் ஒரு ஸ்டூல். கடை ஆட்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது மாடிக்கு ஒரு ஸ்டூல் வந்தது உண்மைதான். அதில் வாடிக்கையாளர்களின் பைகள் உட்கார்ந்துகொண்டன.

முதலாளி வேணுகோபால் கெட்டவர் இல்லை. தீபாவளிக்குத் துணி எடுத்துத் தருவார், துக்கத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். ஒன்று மனதில் ஏறிவிட்டால் இறங்காது, அதுதான் அவரிடம் கோளாறு. போன வருஷம் புதுச்சேரியில் ஒரு பழம்பொருள் கடையில் கேமியோ என்று ஒன்றை வாங்கி வந்தார். ரவிக்கையில் குத்திக்கொள்கிற நகை. பழுப்புச் சிப்பியில் வெள்ளையாகப் புடைத்து நிற்கும் ஒரு ராணியின் தலை, பக்கவாட்டில். அந்தக் காலத்துச் சக்கரவர்த்திகள் தங்கள் முகத்தை இப்படிக் கல்லில் செதுக்கி வேண்டியவர்களுக்குக் கொடுப்பார்களாம். அதை அணிந்தவன் எந்த ஊருக்குப் போனாலும் இன்னாருடைய ஆள் என்று தெரியுமாம். விற்றவன் சொன்ன இந்தக் கதையில் முதலாளி விழுந்துவிட்டார். கடையை ஆரம்பித்த தன் அம்மா சின்னம்மாளின் முகத்தை இதே மாதிரி வார்த்து, கடையிலுள்ள இருபத்திரண்டு பெண்களும் குத்திக்கொள்ள வேண்டும். கடைக்காகக் கட்டிக்கொண்டிருந்த புது ஷோரூம் சுவரில் ஆளுயரத்துக்கு ஒன்று வேண்டும்.

வேலூரிலிருந்து சார்லி என்ற டிசைனரை வரவழைத்தார். வந்ததுமே சிக்கல். செத்துப்போன சின்னம்மாளுக்குப் பக்கவாட்டுப் படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணப் படம், ரேஷன் கார்டுப் படம், எல்லாம் நேரே முறைத்துப் பார்க்கிறவை. நம்மில் யார்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படம் எடுத்திருக்கிறோம்? சார்லி மாடி மாடியாக ஏறி இறங்கிவிட்டு உண்ணாமலையின் எதிரில் வந்து நின்றான்.

“சார், இவங்களுக்கு அப்பிடியே அம்மா மூக்கு. சைடுக்கு இவங்கள எடுத்துக்கலாம். கொண்டை, நகையெல்லாம் நான் போட்டுக்கறேன்.”

முதலாளி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

பின்கட்டில் ஸ்டூல் போட்டு அவளை உட்காரவைத்தார்கள். ஃபேனும் போட்டார்கள். “ஆடாம தூரமா பாத்துகினு இருங்கக்கா,” என்று சார்லி விளக்கை இங்கும் அங்கும் நகர்த்தி மூன்று மணி நேரம் எடுத்தான். அவன் இன்னும் நாலு நாள் எடுத்தாலும் தேவலை என்றிருந்தது அவளுக்கு. முட்டியிலிருந்து வலி மெல்ல மெல்ல இறங்கியது. சின்னம்மாளை நினைத்துக்கொண்டாள். அந்த அம்மாள் காலையில் மெத்தையில் உட்கார்ந்தால் கடை கட்டும்போதுதான் எழுந்திருப்பாள். “ஏண்டி மரமாட்டம் நிக்கிற? உக்காந்து காட்டு. சேல மடியில வுழுந்தாதான் அவளுக்கு எடுக்க மனசு வரும்,” என்பாள். அவள் போன பிறகு மெத்தையை எடுத்துவிட்டுக் கண்ணாடி மேசைகள் போட்டார்கள். அன்றிலிருந்து எல்லோரும் நிற்கிறார்கள்.

திறப்பு விழாவன்று சுவரிலிருந்த திரையை விலக்கினார்கள். கொண்டையும் அட்டிகையும் சின்னம்மாளுடையவை. நெற்றி, மூக்கு, மோவாய், பாதி மூடிய கண் எல்லாம் உண்ணாமலை. அதே முகம் சின்னப் பின்னாக இருபத்திரண்டு பெண்களின் தோளிலும் குத்தியிருந்தது. சொந்தக்காரர்கள் கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். “அக்கா, உன்னத்தான் குத்திகினு சுத்தறோம்,” என்று உடன் வேலை செய்யும் தேவிப்ரியா காதருகில் சிரித்தாள். உண்ணாமலைக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

மத்தியானத்துக்குள் முட்டி அந்தப் பெருமையைத் தின்றுவிட்டது. சேத்துப்பட்டிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்து நாற்பது சேலை பிரித்தும் மனசு வராமல் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலாளி அந்தப் பக்கம் வந்தபோது அவள் தாங்க மாட்டாமல் கேட்டாள்.

“மொதலாளி, ஒரு ஸ்டூல் போட்டுக்கட்டுங்களா? முட்டி ரொம்ப பேஜார் பண்ணுது.”

அவர் சிரித்தபடி சுவரைக் காட்டினார். கல்யாண வீட்டாருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

“எங்கம்மாவ பாருங்க. நாப்பது வருஷம் நின்னுகினே யாவாரம் பண்ணாங்க. அந்த மொகத்துல எங்கனா களைப்பு தெரிதா?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். உண்மையாகவே களைப்பு இல்லை. பேச வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை, வாய் தானாகப் பேசிவிட்டது.

“அது என் மூஞ்சிங்க மொதலாளி. உக்காந்துகினு எடுத்தது.”

கல்யாணப் பெண்ணின் அம்மா சுவரைப் பார்த்தாள், உண்ணாமலையின் மூக்கைப் பார்த்தாள், சத்தமாகச் சிரித்துவிட்டாள். முதலாளியின் முகம் சுண்டிப்போனது. வாடிக்கையாளர் எதிரில் அவர் யாரையும் திட்டியதில்லை, அன்றும் திட்டவில்லை. அவர்கள் போன பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

“நாளைலேர்ந்து கோடவுன்ல உக்காந்து சேல மடிங்க. ஆளுங்க முன்னாடி வர வேணாம். அந்தப் பின்ன குடுத்துட்டுப் போங்க.”

அவள் தோளிலிருந்து அதைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

மறுநாள் ஜன்னல் இல்லாத கோடவுனில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல் கிடந்தது. உண்ணாமலை உட்கார்ந்தாள். ஆள் முகம் பார்க்க முடியாத வேலை, வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலம் வரை முட்டி வலிக்கவில்லை. வெளியே இருபத்தொரு பெண்கள் அவள் முகத்தைக் குத்திக்கொண்டு கடை கட்டும் வரை நின்றார்கள்.