கை நின்ற இடம்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் ஒரு கதை எங்கே நொண்டுகிறது என்று காதால் கேட்டே சொல்லிவிடுவேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அப்போது யுத்தம். மயிலாப்பூரில் பெண்கள் பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் சமையலுக்குக் கூடமாட இருந்தேன். எனக்கு இருபது வயதிருக்கும். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. ஹாஸ்டலையும் மூடுவதாக இருந்தார்கள். என் வீட்டுக்காரர் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர். அங்கே குண்டு விழுந்த பிறகு ஒரு கடுதாசி இல்லை. தபால்காரர் தலை தெரிந்தால் வாசலுக்கு ஓடுவேன், வெறுங்கையோடு திரும்புவேன். உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளாது.

பெண்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். ஒரே பிரதிதான். கையெழுத்து அழகாக உள்ள பெண் எல்லாவற்றையும் எழுதுவாள். அது கைமாறிப் போகும். கதைக்கு நாலே பக்கம். ஹாஸ்டலை மூடுவதற்கு முந்தின நாள், கண்ணாடி போட்ட ஒருத்தி பதினொரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டு அழுதாள். ஆரம்பம், நடு, முடிவு என்று டீச்சர் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார்களாம். எதை வெட்டுவதென்று சொல்லவில்லை.

நான் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"படி பாப்பா. என் கை ஓடிக்கினே இருந்தா அந்த எடத்த அடிச்சிடு. நின்னா வெச்சிக்கோ."

படித்தாள். சூரியோதயம் இரண்டு பக்கம். கை ஓடியது. கதாநாயகியின் கூந்தல் ஒரு பக்கம். அப்போதும் ஓடியது.

"அக்கா, கூந்தலாவது இருக்கட்டுமே!"

"தலைய அப்பால வாரிக்கலாம். ஆளு எங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த, பத்திரிகையை எழுதுகிற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஏழாம் பக்கத்தில் கதாநாயகியின் அண்ணன் ரங்கூனிலிருந்து காட்டுவழியே நடந்து வருகிறான். செருப்பு அறுந்து, காலில் கோணியைச் சுற்றிக்கொண்டு. என் கை நின்றுவிட்டது.

"நின்னுடுத்து! இங்கேதான் ஆரம்பிக்கணும்!" என்று இருவரும் கத்தினார்கள். முன்னால் இருந்த ஆறு பக்கமும் போயிற்று.

மேலே படித்தாள். கடைசியில் ஓர் ஆற்றங்கரையில் அவன் செத்துப்போனான்.

முறத்தைக் கீழே வைத்தேன். "அவன எதுக்குக் கொன்னே?"

"முடிவு வேணுமே, அக்கா. செத்துப்போனாத்தான் எல்லாரும் அழுவா."

"இன்னா பாப்பா இது? அவன் செத்தத யாரு பாத்தா? கூட வந்தவன் எவனாச்சும் சொன்னானா?"

"கதைதானே..." என்றவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ அக்கா, உன் வீட்டுக்காரர் ரங்கூன்ல..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டான்னு எழுதிடறேன். சரியா?"

சரி என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அதையும் எனக்கு யாரும் வந்து சொல்லவில்லையே.

"வேணாம். தண்ணியில கால வெக்கறான். அதோட உட்டுடு."

"அது முடிவா?"

"எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

அப்படியே எழுதினார்கள். கடைசிப் பக்கத்தில் பாதி காலியாகவே இருந்தது. மறுநாள் பெட்டி படுக்கையோடு கிளம்பிப் போனார்கள்.

அவர் ஆடி மாதம் வந்தார். இடது காலில் மூன்று விரல் இல்லை. வழியில் என்ன நடந்தது, ஆற்றை எப்படிக் கடந்தீர் என்று கேட்டால், "நடந்தேன்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. நானும் விடாமல் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.