தயாராகிப் போன சப்ஜெக்ட்

"செவ்வாய், காலை 5.40. நட்சத்திரம், முயற்சி 23. நேரம் 41 நொடி. தவறு 1 (கீழ் வலது முனையில்). கண்ணாடியில் சவர நுரை பட்டிருந்தது, துடைத்தேன்."

என் நாட்குறிப்பில் உள்ள இந்தப் பதிவும் இதற்கு முன்னும் பின்னும் உள்ள முப்பது பதிவுகளும் சேர்ந்துதான் என் மகளின் பட்டப்படிப்பைக் கவிழ்க்கப் பார்த்தன. எழுதும்போது எனக்கு அவற்றில் பெருமை மட்டுமே இருந்தது.

நான் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, தேதி போட்டு, கையெழுத்து வைப்பது என் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் விடாது. கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், மழை பிடித்த நேரம், படித்து முடித்த புத்தகம் எல்லாம் நாட்குறிப்பில் இருக்கும். அதனால் என் மகளின் படிப்பில் நான் எந்தெந்த வகையில் பயன்பட்டேன் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. பள்ளியில் அறிவியலுக்குப் பஞ்சில் மொச்சை முளைக்க வைத்தோம். முளையை நான் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். கல்லூரி முதலாண்டில் தமிழுக்கு, அவரவர் ஊர் எந்தத் திணை என்று எழுதச் சொன்னார்கள். ஆவடி பாலை என்று நான் சொல்லி அவள் எழுதினாள். ஓரத்தில் சிவப்பு மையில் "ஏரி எங்கே போயிற்று?" என்று வந்தது. உடற்கல்வித் தாளுக்காக மாடிப்படி ஏறி இறங்கி நாடித்துடிப்பு எண்ணியபோது நாலாவது மாடி அம்மா கதவைத் திறந்து, "சார், லிஃப்ட் ஓடுதே" என்றார்.

மூன்றாம் ஆண்டில் உளவியல் செய்முறைத் தேர்வு வந்தது. இந்தத் தேர்வுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மாணவியும் தன் சோதனைக்கு ஓர் ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் சப்ஜெக்ட். எந்தச் சோதனை என்பதை அங்கே சீட்டெடுத்துத்தான் முடிவு செய்வார்கள். வருவதாகச் சொல்லியிருந்த தோழிக்கு அன்றைக்கே வேறு பரீட்சை. என் மனைவிக்குப் பள்ளியில் தேர்வு மேற்பார்வை. மிச்சம் இருந்தது நான். இதில் அரியர் விழுந்தால், எம்.எஸ்ஸிக்கு அவளுக்குத் தருவதாக இருந்த இடம் போய்விடும். அதை அவள் இரண்டு முறை சொன்னாள்.

"அப்பா, நீ வந்து உக்காரு. நான் சொல்றத செய். அவ்ளோதான்."

"எதுக்கும் அந்த ரெக்கார்டு நோட்டைக் குடு. ஒரு தடவை பாத்துடறேன்."

"பாக்கவே கூடாதுப்பா. சப்ஜெக்டுக்கு ஒண்ணுமே தெரியக் கூடாது."

"ஒண்ணும் தெரியாம பரீட்சைக்கு எப்படிம்மா போறது?"

"பரீட்சை எனக்கு. உனக்கில்ல."

நான் நம்பவில்லை. படிக்காமல் பரீட்சை அறைக்குள் நுழைவது எங்கள் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம். அவள் குளிக்கப் போன நேரத்தில் நோட்டைத் திறந்தேன். கண்ணாடி வரைதல் என்ற சோதனையின் பக்கத்தில்தான் அதிகமாக அடித்தல் திருத்தல் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம் அச்சிட்டிருக்கும். இரு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். ஆனால் தாளை நேராகப் பார்க்க முடியாதபடி ஓர் அட்டை மறைக்கும். எதிரே உள்ள கண்ணாடியில் பார்த்துத்தான் வரைய வேண்டும். மேலே போக நினைத்தால் கை கீழே போகும். கோட்டைத் தொட்டால் தவறு. முதல் முறை தாறுமாறாக வந்து, திரும்பத் திரும்பச் செய்யும்போது நேரமும் தவறும் குறையும். அந்தக் குறைவை வரைபடமாகப் போடுவதுதான் சோதனை. இந்தக் கடைசி வாக்கியத்தையும் நான் படித்தேன். படித்தும் புரிந்துகொள்ளவில்லை.

திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நாற்பது நட்சத்திரம் எடுத்தேன்.

"இன்னா சார், எலெக்சன்ல நிக்கிறியா? சின்னம் நல்லா கீது," என்றார் கடைக்காரர்.

புதன்கிழமை தொடங்கினேன். முதல் முயற்சி ஆறு நிமிடம் பத்து நொடி, தவறு முப்பத்து நான்கு. மனைவி எழுந்து வந்து பார்த்தாள்.

"காலங்காத்தால கண்ணாடி முன்னாடி என்ன?"

"நட்சத்திரம் போடறேன்."

"வாசல் காலியாத்தான் கெடக்கு. அங்க போட்டா கோலமாவது ஆகும்."

மகளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தேர்வு அன்றைக்கு அவளை ஆச்சரியப்படுத்த எண்ணம்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தேர்வு. பூந்தமல்லி பஸ் பிடித்து, சென்னீர்குப்பம் தாண்டிக் கல்லூரிக்குப் போனோம். ஆய்வக உதவியாளர் என் கையைப் பார்த்தார்.

"இன்னா சார் அது?"

"பென்சில். மூணு. சீவியிருக்கேன்."

"அல்லாம் உள்ள கீது சார். சப்ஜெக்ட்டு சும்மா வந்தா போதும்."

மகள் சீட்டெடுத்தாள். கண்ணாடி வரைதல். நான் அவளுக்குக் கண்ணால் தைரியம் சொன்னேன்.

முதல் முயற்சி: 38 நொடி, தவறு இல்லை. இரண்டாவது: 37, தவறு இல்லை. மூன்றாவது: 38. நிமிர்ந்து புன்னகைத்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. கோபம் வந்தால்தான் அவளுக்கு ஊர்ப் பேச்சு வரும்.

"இன்னாப்பா பண்ணி வெச்சிகீற?" என்றாள் மெதுவாக.

வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மையார் அதற்குள் எங்கள் மேசைக்கு வந்துவிட்டார். அட்டவணையைப் பார்த்தார்.

"முதல் தடவையே முப்பத்தெட்டா? எங்கேம்மா குறையுது? வீட்லேருந்தே ரீடிங் எழுதிட்டு வந்தியா?"

மகள் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. பொய் ரீடிங் என்றால் நேராக அரியர்தான். அப்போதுதான் நோட்டில் படித்த அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு முழுதாகப் புரிந்தது.

"மேடம், ரீடிங் உண்மை. தப்பு என்மேல," என்று எழுந்து பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"முப்பத்தொரு முயற்சி. ஞாயித்துக்கிழமை மட்டும் காணோம்?"

"லீவு மேடம்."

"பிராக்டிஸ் பண்ணக் கூடாதுன்னு பொண்ணு சொல்லலையா?"

"சொன்னா மேடம். நான்தான் நம்பல."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "உனக்கு இது தெரியுமா?"

"தெரியாது மேடம்." நாட்குறிப்பைப் பார்த்தாள். "தெரிஞ்சிருக்கணும். இவர் எங்கப்பா."

தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

"சார், இடது கைல போட்டிருக்கீங்களா?"

"இல்ல மேடம்." அது எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப இடது கைல போடச் சொல்லும்மா. வலது கை கத்துக்கிட்டது அதுக்கு எவ்வளவு போயிருக்குன்னு பாரு. ஏன் மாத்தினேன்னு தாள்ல எழுதணும்."

இடது கையில் பென்சிலைப் பிடித்தேன். ஆவடி போக வேண்டிய கோடு பூந்தமல்லிக்குப் போனது.

"ஒண்ணு," என்றாள் மகள். "ரெண்டு. மூணு." குரல் தெளிய ஆரம்பித்தது. "ஒம்போது, பத்து... அப்படித்தாம்ப்பா... பதினாறு!"

இத்தனை வருட வேலையில் என் தவறுகளை எண்ணி இவ்வளவு மகிழ்ந்தவர் வேறு யாருமில்லை. அடுத்த முறை பதினொன்று, பிறகு ஒன்பது, பிறகு ஐந்து. எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. அவளுக்கு வரைபடம் கிடைத்தது.

கடைசியாக, சப்ஜெக்ட் தன் அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

"பதினொன்னு அம்பத்திரண்டுக்கு முதல் முயற்சி தொடங்கும்போது..." என்று ஆரம்பித்தேன்.

"ஒரே வரிப்பா."

"கை என் பேச்சைக் கேக்கல."

எழுதிக்கொண்டாள். திரும்பும்போது பஸ்ஸில் அவளே டிக்கெட் எடுத்தாள். பிறகு, "எம்.எஸ்ஸிலயும் சப்ஜெக்ட் கேப்பாங்களாம்," என்றாள்.

"வரேம்மா."

"அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்."

அரியர் இல்லாமல் தேறினாள், இடமும் கிடைத்தது. செய்முறைத் தேர்வில் மட்டும் பதினோரு மதிப்பெண் குறைந்திருந்தது. வாய்மொழிக் கேள்வியில் ஒரு வரையறையை மறந்துவிட்டதாகவும், பதினொன்றும் அதில்தான் போனதாகவும் அவள் சொல்கிறாள். சொல்லும்போது செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதிப்பெண் பட்டியலில் மொத்தம்தான் இருக்கிறது, எதற்கு எவ்வளவு என்ற பிரிவு இல்லை. அந்தப் பதினொன்றில் என் பங்கு எவ்வளவு என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.