சரக்கு இல்ல, சீரு

எங்கள் யார்டில் சரக்கு என்றால் கண்டெய்னரில் வருவது. கேட்டைத் தாண்டினால் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம். அதனால், கம்பம் ஊருக்குப் போகிற ஒயின் ஜாடி ஒன்று வந்திருக்கிறது என்று ஆபீசில் சொன்னதும் என் கேங்கில் எல்லோரும் கூப்பிடாமலே வந்து நின்றார்கள். திருவொற்றியூரில் நான் ரிக்கர் மேஸ்திரியாக இருந்த கடைசி வருஷம் அது. கிரேன் தூக்குகிற எதற்கும் பெல்ட் மாட்டி, சிக்னல் கொடுத்து, பத்திரமாக இறக்குகிறவன்தான் ரிக்கர்.

கண்டெய்னரின் மேல் தார்ப்பாயை விலக்கினோம். மரச்சட்டம் கடலிலேயே உடைந்திருந்தது. வைக்கோலில் ஆள் உயரத்துக்கு ஒரு மண்ஜாடி, காலியாகப் படுத்துக் கிடந்தது. அகன்ற வயிறு, கூம்பிய அடி. எங்கள் கேங்கிலேயே கைப்பக்குவம் உள்ள மூர்த்தி அதைப் பார்த்துவிட்டு மேலேயே நின்றுவிட்டான்.

“மாமு, மியூசியத்துல கீதே, பொணத்த குந்தவெச்சி பொதைக்கிற தாழி, அது இது. நா கை வெக்க மாட்டேன். பொண்ணுக்கு நாள் குறிச்சிகினு கீறேன்.”

மற்றவர்களும் பின்வாங்கினார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அடி கூம்பியிருப்பதால் பெல்ட் நழுவும், ஒருவன் உள்ளே இறங்கிக் கையால் அணைத்துப் பிடித்தே ஆக வேண்டும். அதற்கு மூர்த்தியை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

ஜாடிக்குச் சொந்தக்காரர்கள் கீழே நின்றிருந்தார்கள். கதிரவன், கம்பத்துத் திராட்சைத் தோட்டக்கார வீட்டுப் பிள்ளை. டாக்டருக்குப் படிக்க ஜார்ஜியா நாட்டுக்குப் போனவர், படிப்பை அங்கேயே விட்டுவிட்டு ஒயின் செய்யக் கற்றுக்கொண்டு, ஒயின்காரர் மகள் நீனோவையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“பொதைக்கிற சாடிதாண்ணே இது,” என்றார் கதிரவன்.

போச்சு, காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

“ஆனா பொணத்துக்கு இல்ல. அவுங்க ஊர்ல ஒயினே இதுலதான். உள்ள தேன்மெழுகு பூசி, கழுத்து வரைக்கும் மண்ணுல பொதைச்சு, திராட்சைய மிதிச்சு ஊத்தி மூடிருவாங்க. பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து அப்படித்தான். இவ பொறந்தப்ப இவ அப்பா நெறைச்சு மூடுன சாடி இது. எங்க கல்யாணத்துக்குத்தான் தொறந்தாரு. வந்தவங்களுக்கெல்லாம் ஊத்திட்டு, பொண்ணு போற எடத்துக்கு இதுவும் போகட்டும்னு தோண்டி அனுப்பிட்டாரு. ஒடஞ்சா வேற சாடி வாங்கலாம்ணே. இவ சாடி கெடைக்காது.”

நீனோவுக்கு எவ்வளவு புரிந்ததோ, எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூர்த்தி குனிந்து ஜாடியை இன்னொரு தரம் பார்த்தான். பிறகு மேலிருந்தே சொன்னான்.

“அப்போ இது சரக்கு இல்ல நைனா. அப்பன் பொண்ணுக்கு அனுப்புன சீரு.”

சொல்லிவிட்டு ஷூவைக் கழற்ற ஆரம்பித்தான்.

“எவன் வூட்டு சீரா இருந்தா இன்னா? சேஃப்டி ஷூவோட எறங்குடா,” என்று அதட்டினேன்.

இறங்கினான். வயிற்றில் ஒரு பெல்ட், கழுத்தடியில் ஒரு பெல்ட் போட்டோம். கிரேன் இழுத்ததும் நான் பயந்தபடியே பெல்ட் நழுவியது. மூர்த்தி நெஞ்சைக் கொடுத்து ஜாடியைத் தாங்கினான். நிறுத்தி, சாக்கு வைத்து இறுக்கி, மறுபடி தூக்கினோம். பின்வாங்கியவர்கள் எல்லோரும் இப்போது கம்பத்துக்குப் போகிற லாரியில் ஏறிக் கைகளை நீட்டி நின்றார்கள். “ஆரியா, ஆரியா” என்று கத்தினேன். இறக்கு என்பதற்கு எங்கள் பாஷை அது. ஜாடி மணல்மூட்டை மேல் உட்கார்ந்தது.

நீனோ ஏறி, விரல் முட்டியால் அதைத் தட்டிக் காது வைத்துக் கேட்டாள். கணீர் என்றது. ஒரு கீறல் இல்லை. அவள் சிரித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ பெரிய மெஷின்களை இறக்கியிருக்கிறேன், அன்றைக்குப் போல மார்தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனதில்லை.

ரிக்கர் வேலைக்கு வருகிறவர்களுக்கு எடை பார்க்கவும் பெல்ட் போடவும் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். தூக்குகிற பொருள் போய்ச் சேருகிறவருக்கு அது என்ன என்று நீங்களேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

போன மாதம் கதிரவன் போன் செய்தார். பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம், தோட்டத்தில் புதைத்த அதே ஜாடியை நிறைத்து மூடிவிட்டார்களாம். மூர்த்தியிடம் சொன்னேன்.

“அந்தப் பொண்ணு எந்த ஊருக்குக் கட்டிகினு போனாலும் போவட்டும் மாமு,” என்றான். “சாடிய தூக்கறது நம்ம கேங்குதான்னு இப்பவே சொல்லி வெச்சிடு.”