சேலை முனையைப் பிடித்த கை

அம்மாவின் இரும்புப் பெட்டிக்குள் அவளுடைய கல்யாண ஆல்பம் இருந்தது. கறுப்பு அட்டை, பக்கங்களுக்கு நடுவே வெண்ணெய்த்தாள். அதில் ஒரு படத்தில் அப்பா தலையில் உருமால் கட்டிக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். அவருடைய அக்குளில் கூறைச் சேலையின் ஒரு முனை செருகியிருக்கிறது. சேலை வலப்பக்கமாக நீண்டு போகிறது. படம் முடிகிற இடத்தில் ஒரு கை அதைப் பிடித்திருக்கிறது. மெலிந்த மணிக்கட்டு, கண்ணாடி வளையல்கள். அதற்கு மேல் ஆள் இல்லை. யாரோ கத்தரிக்கோலால் மேலிருந்து கீழாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். கையையும் வெட்டினால் சேலை அந்தரத்தில் நிற்கும் என்று நினைத்தார்களோ என்னவோ, கையை மட்டும் விட்டுவைத்தார்கள்.

எங்கள் கொங்குப் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் நடக்கும். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் வந்து நிற்பாள். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச் சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை இவளிடம். மனைவி வந்துவிட்டாலும் பிறந்தவளின் பிடி விட்டுப்போகாது என்று ஊரறியச் சொல்வதற்கான சீர் அது. உடன்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பெரியப்பா மகளோ சித்தப்பா மகளோ நிற்பதுண்டு. சின்ன வயதில் அந்தக் கையைக் காட்டி அம்மாவிடம் கேட்டேன். "உங்கப்பனுக்குப் பொறந்தவ யாருமில்ல கண்ணு. பெரியப்பா மக நின்னா" என்றாள். படம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, கரையான் தின்றுவிட்டது என்றாள். அடிமட்டம் வைத்ததுபோல நேர்க்கோட்டில் தின்கிற கரையானை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அப்பா ஆல்பத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, "மூடி வெய்யி கண்ணு, போதும்" என்றார்.

அப்பா நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவரைப் பற்றி வேறு விதமாகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. பனியன் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார். என்னிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அம்மா பிறந்த ஊருக்குப் பல்லடம் தாண்டிப் போக வேண்டும். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கொடுத்துவிட்டு, கோழிப்பண்ணை, புளியமரம், தறிச் சத்தம் கேட்கும் ஓட்டுச் சாளை வீடு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வருவார். ஆனால் பல்லடம் தாண்டி ஒரு வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று தூங்கிவிடுவது எனக்கு வேடிக்கையாக இருக்கும். "அப்பனோட தூக்க ஸ்டாப்பு வந்துருச்சு" என்று கேலி செய்வேன். அவர் கண்ணைத் திறக்காமலே சிரிப்பார்.

அந்தக் கையை நான் வெகுகாலம் மறந்திருந்தேன். கல்யாணமாகி மண்ணரைக்கு வந்து, வீட்டுக்குக் கீழேயே ஓவர்லாக் மிஷின் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்து, ஒரு மகனையும் ஒரு மகளையும் வளர்த்து ஆளாக்கியதில் வருடங்கள் ஓடிவிட்டன. மகளுக்குப் பன்னிரண்டு வயதில் வலிப்பு வந்தது. மாத்திரை தவறாமல் கொடுத்தோம். படித்தாள், இப்போது எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிறாள். எப்போதாவது சில நொடிகள் கண் நிலைகுத்தி நிற்பாள், பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவாள். அவ்வளவுதான் அவளுடைய நோய். போன வருடம் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீட்டாரிடம் நானே போய் மகளைப் பற்றிச் சொன்னேன். சம்பந்தியம்மா, "அதுக்கென்னங்க, எங்கூட்டுல பாதிப்பேருக்குச் சக்கரைங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனார். சிக்கல் எங்கள் வீட்டுக்குள்ளேதான் இருந்தது.

என் கணவரின் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார். "அம்மிணி, இணைச்சீருக்கு எம்மவ நிக்கட்டும். பெரியப்பா மக நிக்கிறது ஒண்ணும் ஊர்ல இல்லாததில்லையே. உம்புள்ளைக்கு மணவறையில ஏதாச்சும் வந்துருச்சுன்னா அபசகுனமாப் போயிரும். நாளைக்கு அவளக் கேட்டு யாரு வருவாங்க?" என்றார். என் வீட்டுக்காரர் காப்பி டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மகள் உள்ளறையில் இருந்தாள், கதவு திறந்திருந்தது. அன்று சாயங்காலம் அவள் என்னிடம், "பரவாயில்லம்மா, அக்காவே நிக்கட்டும்" என்றாள். அழாமல் சொன்னாள். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பெரியப்பா மக நின்னா. இந்தப் பேச்சை எங்கே கேட்டேன் என்று யோசித்தபோதுதான் அந்தக் கை ஞாபகத்துக்கு வந்தது.

அப்பாவுக்குப் பின்னாலேயே அம்மாவும் போனபின், அவளுடைய பெட்டி என்னிடம்தான் இருந்தது. பரணிலிருந்து இறக்கி, ஆல்பத்துக்கு அடியில் இருந்த பழைய காகிதங்களைப் பிரித்தேன். அதில் தாத்தா காலத்து ரேஷன் கார்டு ஒன்று. தாத்தா, அப்பாயி, அப்பா, அதற்குக் கீழே நான்காவதாக ஒரு பெண்ணின் பெயர். வயது பதினேழு, உறவு மகள். அதன் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு. எனக்கு ஓர் அத்தை இருந்திருக்கிறாள். துணியில் ஒரு கண்ணி அறுந்தால் அது எதுவரை ஓடியிருக்கிறது என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பது என் தொழில் பழக்கம். மறுநாள் காலை அவிநாசி பஸ் ஏறினேன்.

அப்பாவின் ஊரில் கல்யாணச் சீர்களைச் செய்துவைக்கும் அருமைக்காரர் இன்னும் இருந்தார். தொண்ணூறை நெருங்கிய வயது, காது மந்தம், ஞாபகம் மட்டும் துல்லியம். நான் யார் மகள் என்று சொல்லி, ரேஷன் கார்டில் இருந்த பெயரையும் சத்தமாகச் சொன்னேன். திண்ணையைத் தட்டி என்னை உட்காரச் சொன்னார்.

"உங்கொப்பனுக்குச் சீர் செஞ்சது எங்கய்யன் அம்மிணி. கூட நின்னது நானு. பொறந்தவதான் வந்து நின்னா. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல, விரதம்னு பச்சத்தண்ணி குடிக்கல. கொட்டுச் சத்தம், பொகை. சேலையப் புடிச்சபடிக்கே உழுந்துட்டா. கைகாலு வெட்டி வெட்டி இழுக்குது, சேலையை மட்டும் உடமாட்டீங்கறா. வெரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சுத்தான் எடுத்தோம்."

"எங்கப்பா என்னங்க பண்ணுனாரு?"

"அவன் என்ன பண்ணுவான், சின்னப்பையன். பெரியப்பா மகளைக் கூட்டியாந்து நிறுத்துனாங்க. அவன் அந்தப்பக்கம் திரும்பி நின்னுக்கிட்டான். அந்த மாசத்துலயே பல்லடத்துக்கு அக்கட்டால கன்னியம்மாருங்க ஊட்டுல கொண்டுபோயி உட்டுட்டாங்க. கேட்டவங்களுக்குக் காச்சல்ல போயிட்டான்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் சொன்னேன் சாமி."

கிளம்பும்போது அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன். கட்டாயம் வர வேண்டும், முன்வரிசையில் உட்கார வேண்டும் என்றேன். தலையாட்டினார். வீட்டுக்குத் திரும்பாமல் அங்கிருந்தே பல்லடம் பக்கம் பஸ் பிடித்தேன்.

பல்லடம் தாண்டிய அந்த வளைவில் பஸ் திரும்பியபோது எனக்குத் தெரிந்துவிட்டது. வேப்பமரங்களுக்குப் பின்னால் நீளமான ஓட்டுக் கட்டடம், சிலுவை வைத்த சிறிய கோயில், இரும்புக் கேட். அப்பாவின் தூக்க ஸ்டாப். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கேலி செய்துகொண்டிருந்த அத்தனை பயணத்திலும் அத்தை அந்தக் கேட்டுக்கு உள்ளேதான் இருந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் என்னை பஸ்ஸிலிருந்து இறக்கியது.

இல்லத்துப் பொறுப்பில் இருந்த கன்னியாஸ்திரி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என் வயதிருக்கும். அத்தை இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எழுபது வயது தாண்டி வாழ்ந்திருக்கிறாள். "வந்த புதுசுல அடிக்கடி வருமாம். பெறகு டாக்டர் மாத்திரைய மாத்திக் குடுக்கவும் நின்னுட்டு. நான் வந்த காலத்துல இருந்து ஒரு தடவகூட பாத்ததில்ல பாத்துக்கிடுங்க" என்றார். ஒரு மாத்திரையில் அடங்கிப்போகிற நோய். அதற்குத்தான் ஒரு பெண்ணை உயிரோடு சாகடித்திருந்தார்கள்.

அத்தை அங்கே மூலையில் முடங்கிக் கிடக்கவில்லை. சமையல்கட்டை அவள்தான் ஆண்டிருக்கிறாள். பனியன் கம்பெனிகளிலிருந்து பிசிறு வெட்ட வரும் துணிகளைப் பிரித்துக் கொடுப்பதும் அவள்தான். வேலை சுத்தமில்லை என்றால் கன்னியர்களையே திட்டுவாளாம். காலையில் நெற்றி நிறையத் திருநீறு, சாயங்காலம் கோயிலில் முதல் ஆளாகப் பாட்டு. "சாமிக்குள்ள சண்டையில்ல, நமக்கென்னங்க" என்பாளாம். கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வாயை நான் எங்கிருந்து வாங்கினேன் என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும்.

பிறகு அந்தக் கன்னியர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "இங்கன வளந்த பிள்ளையளுக்குக் கல்யாணம்னா அவிய ஒண்ணு செய்வாவ. கல்யாணச் சேலைய எடுத்து, ஒரு முனைய மாப்பிள்ள கையில திணிச்சிட்டு, மத்த முனையத் தான் புடிச்சிக்கிட்டுப் பக்கத்துல நிப்பாவ. கொஞ்சநேரம் நின்னுட்டுத் தானாக் குடுத்துருவாவ. ஏன்னு யாருக்கும் தெரியாது. பெரியவிய ஆசைதானன்னு விட்டுருவோம்."

ஏன் என்று நான் சொன்னேன். கன்னியர் சிலுவையைத் தொட்டுக்கொண்டார். பாதியில் விரலைப் பிரித்து எடுத்த சீரை, பெயர் தெரியாத எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு அத்தை முழுதாக முடித்துக் கொடுத்திருக்கிறாள். அவளுடைய கல்லறை கட்டடத்துக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில் இருந்தது. அங்கே நின்று நன்றாக அழுதேன். அப்பாவை நினைத்தபோது அழுகை நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொள்ளத் தெரிந்த மனிதருக்கு ஒரு தடவை இறங்கத் தெரியவில்லை. படத்தை வெட்டியது அவரா, அம்மாவா என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் நான் மன்னிப்பதாக இல்லை. அவர்களை நேசிக்கிறேன், அது வேறு.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மகளிடம் சொன்னேன். அவள் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். அவள் படத்திலிருந்த கையைத் தன் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நானே நிக்கறேம்மா" என்றாள். பத்திரிகையில் ஆசி வழங்கும் பெரியோர் வரிசையில் அத்தையின் பெயரையும் அச்சடித்தேன். "உன் பொறந்தவழிச் சீக்கைப் பத்திரிகையில வேற போடோணுமா?" என்று கணவரின் அண்ணன் போனில் கேட்டார். "ஆமாங்க, போட்டாச்சுங்க. உங்களுக்கு எத்தனை பத்திரிகை வேணுங்க?" என்றேன். என் வீட்டுக்காரர் முதல்முறையாக டம்ளரிலிருந்து தலையை நிமிர்த்தி, "எனக்கொரு கட்டு குடு, நானே கொண்டுபோயிக் குடுக்கறேன்" என்றார்.

கல்யாணத்தன்று விரதமெல்லாம் வேண்டாமென்று மகளுக்கு இட்லி ஊட்டினேன், மாத்திரை கொடுத்தேன், முந்தைய இரவு நேரத்தோடு தூங்கவைத்திருந்தேன். அப்படியும் வந்தது. அவள் அண்ணன் அக்குளில் ஒரு முனையைச் செருகிக்கொள்ள, மறுமுனையை இவள் பிடித்த சிறிது நேரத்தில் இவள் கண் நிலைகுத்தியது. சீர் செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். கொட்டு தடுமாறி ஓய்ந்தது. கணவரின் அண்ணன் தன் மகளின் தோளைத் தொட்டு எழுப்பினார்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு நடுங்கிய குரல் கேட்டது. "அவசரமில்லீங்க. புள்ளைக்கு நேரங்குடுங்க."

என் மகன் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. சேலையை அக்குளில் இன்னும் இறுக்கிக்கொண்டு, தங்கையின் தோளோடு தன் தோளை ஒட்டி, அவள் சாய்ந்தால் தாங்குகிற மாதிரி நின்றான். மண்டபமே காத்திருந்தது. அவள் இமைத்தாள், சுற்றிலும் பார்த்தாள், கையிலிருந்த சேலையைப் பார்த்தாள். "என்னண்ணா, எல்லாரும் எதுக்குக் கம்முனு இருக்காங்க?" என்றாள். சீர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கணவரின் அண்ணன் மகளோடு மறுபடி உட்கார்ந்தார். அப்பா ஊர் அருமைக்காரர் முன்வரிசையில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க ஸ்டுடியோவுக்குப் போனேன். அந்தப் பையன் நல்ல மரியாதைக்காரன். கம்ப்யூட்டரில் ஒரு படத்தை நிறுத்தி, "அக்கா, இந்த ஒண்ணுல மட்டும் பாப்பாவோட முகம் ஒரு மாதிரி இருக்குதுங்க. வேணும்னா அவங்கள கட் பண்ணிட்டு மாப்பிள்ளைய மட்டும் வெச்சுக்கலாங்க" என்றான். படத்தில் என் மகள் எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் அண்ணன் அவளோடு ஒட்டி நிற்கிறான். சேலை இருவருக்கும் நடுவில் தொய்யாமல் இருக்கிறது.

பையிலிருந்த பழைய படத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். "கட் பண்ண வேண்டாம் கண்ணு. இதையும் அதையும் ஒரே ஃப்ரேம்ல பெருசாப் போடு. ஊட்டுக்குள்ள வர்றவங்க கண்ணுக்கு முன்னால மாட்டோணும்."