கலீஜ் மண்

நீல மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று என் மேஜைக்கு வந்திருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான். வங்கதேசத்துக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து வந்தது. உள்ளே காயவைத்து, இடித்து, சலித்த மண். மேலே ஒட்டிய சீட்டில் எண், எடுத்த இடம், ஆழம் எல்லாம் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கின்றன. 'உள்ளூர்ப் பெயர்' என்ற கட்டத்தில் மட்டும் பேனாவால், கோணல்மாணலான தமிழில், 'கலீஜ்' என்று எழுதியிருக்கிறது. அந்தக் கையெழுத்தை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். பார்த்ததும் சுருக்கென்று ஒரு எரிச்சல் கிளம்பியது. அவள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த எரிச்சல் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை.

மாதவரம் பக்கம் இருக்கும் எங்கள் மண் ஆய்வகத்தில் நானும் அவளும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். ஒரே படிப்பு, ஒரே பதவி, ஒரே நீள மேஜையின் இரண்டு முனைகள். வாட்ச்மேனிலிருந்து வாட்டர் கேன் போடுகிறவர் வரை யாரைப் பார்த்தாலும் "இன்னா தோஸ்து" என்றுதான் ஆரம்பிப்பாள். எங்கள் தலைமை அதிகாரியிடம் மட்டும் வாய் வரைக்கும் வந்த தோஸ்தை விழுங்கிக்கொள்வாள். அதனால் அவளுக்கே தோஸ்து என்று பெயர் விழுந்துவிட்டது. ராயபுரத்துப் பெண். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மாதா கோயிலுக்கு அடுத்த தெருவில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அந்தத் தெருவின் பேச்சை அப்படியே ஆய்வகத்துக்குள் கூட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, "இன்னாமே இது, மிஷினு காலைலருந்து மக்கர் பண்ணிகினே கீது" என்று அவள் கத்தும்போது, வெளியூரிலிருந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு உடம்பு கூசும். அவளுக்குக் கூசாது. அதுதான் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது.

நானும் ஒன்றும் வேறு ஊர்க்காரி இல்லை. திருவொற்றியூரில் ரயில் போனால் ஜன்னல் அதிரும் வீட்டில் பிறந்தவள். என் நைனா ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார். என்னைக் கான்வென்ட்டில் சேர்த்த அன்று வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு சட்டம் போட்டார். "இன்னைலருந்து இந்த வூட்ல எவனும் கீது, வந்துகினுன்னு பேசக் கூடாது. பொண்ணு ஒயுங்கா பேசக் கத்துக்கினு வருது, கெடுத்துடாதீங்கோ." சட்டத்தையே அவர் அந்தப் பேச்சில்தான் போட்டார் என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் நைனா அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் கண்ணாடி முன்னால் நின்று 'வாழைப்பழம்' சொல்லிப் பழகினேன். அவர் என் எதிரில் பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்தார். பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்தபோது டீச்சர் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறந்தால் என் மானம் போய்விடுமோ என்று பயந்திருக்கிறார். இன்றைக்கும் என்னிடம் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துப் பார்த்து எடுத்துவைப்பார். எனக்கு அது பழகிப்போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு தோஸ்து வந்தாள். எர்ணாவூரில் யாரையோ பார்த்துவிட்டுப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாளாம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னா நைனா, ஒடம்பு எப்டி கீது?" என்றாள். நைனா என்னை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "கீது கண்ணு, முட்டிதான் ரொம்ப பேஜார் பண்ணிகினு கீது" என்றார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. கம்பெனியில் மேஸ்திரியோடு போட்ட சண்டை, முதல் முதலாக வாங்கிய சைக்கிள், அம்மாவைப் பெண் பார்க்கப் போன இடத்தில் காபியைக் கொட்டிக்கொண்டது என்று நான் ஜென்மத்தில் கேட்டிராத கதைகளெல்லாம் வந்தன. நான் சமையலறையில் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். என்னைப் பெற்றவர் எனக்குச் சொல்லாத கதையை எவளோ ஒருத்தி வந்து கேட்டுக்கொண்டு போகிறாளே என்று பொருமினேன். காபியில் சர்க்கரை போடவில்லை என்பதைக்கூட அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இது நடந்து சில மாதங்களில்தான் அண்டை நாடுகளின் மண் ஆய்வகங்கள் ஒன்றுசேரும் திட்டத்தில் எங்களையும் சேர்த்தார்கள். விஷயம் எளிமையானதுதான். வங்கக் கடலைச் சுற்றியிருக்கிற எல்லோருக்கும் இப்போது ஒரே தலைவலி. கடல் தண்ணீர் வயலுக்குள் வருகிறது, மழை பருவம் தப்பிப் பெய்கிறது, நிலம் உப்புப் பூத்துப் போகிறது. ஒரு நாட்டில் கண்டுபிடித்த வழி இன்னொரு நாட்டு வயலுக்கு உதவ வேண்டுமென்றால், முதலில் எல்லா ஆய்வகங்களும் மண்ணை ஒரே மாதிரி அளக்க வேண்டும். அதனால் ஒரே மண்ணைப் பல டப்பாக்களில் போட்டு ஊர் ஊராக அனுப்புவார்கள். எல்லோரும் சோதித்து, விடை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். கூடவே, அந்தந்த ஊர் விவசாயிகள் மண்ணை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒருவர் ஒரு வருடம் வங்கதேசத்தில் தங்கி வேலை செய்யலாம் என்றார்கள். ஒரே ஓர் இடம். அது எனக்கு வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு ஆசைப்பட்டது வேறொன்றும் இல்லை. வாழைப்பழம் சொல்லிப் பழகியதெல்லாம் இப்படி ஒரு நாற்காலிக்காகத்தானே?

வங்கதேசத்திலிருந்து ஒரு பெரியவரும் இன்னும் சில நாட்டு விஞ்ஞானிகளும் வந்தார்கள். அவர்கள் தங்கும் நாட்களில், விண்ணப்பித்திருந்த எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பதாகத் தலைமை அதிகாரி சொன்னார். காலையில் நான் ஒரு உரை நிகழ்த்தினேன். படங்கள், வரைபடங்கள், ஒரு இடத்தில்கூடத் தடுக்காத ஆங்கிலம். எல்லோரும் மரியாதையாகக் கைதட்டினார்கள். பிற்பகலில் எண்ணூருக்கு வடக்கே ஒரு வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். போன மழையில் கழிமுகத் தண்ணீர் ஏறி, கடல் உப்போடு எங்கிருந்தோ மிதந்து வந்த எண்ணெயும் சாம்பலும் படிந்துபோன நிலம். வரப்பில் நிலத்துக்காரப் பெண்மணி நின்றிருந்தார். தோஸ்து குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினாள், மூக்கருகே கொண்டுபோனாள், உரக்கச் சொன்னாள்: "அய்ய, சுத்தமா கலீஜ் ஆயி கீது."

நிலத்துக்காரப் பெண்மணிக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னாமே சொன்ன? எங்க மாமனார் காலத்துலருந்து சோறு போட்ட நெலம் இது. கலீஜுன்றியா?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார். எனக்கு, உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் குளிர்ந்தது. மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். தோஸ்து அசரவில்லை. "அய்யோ அக்கா, நெலத்த யாரு சொன்னா? வந்த தண்ணிதான் கலீஜு. உவருன்னா அது நெலத்தோட கொணம், கூடவே பொறந்தது. கலீஜுன்னா வெளிய இருந்து வந்து ஒட்டிகினது. கய்வுனா போயிடும்க்கா" என்றாள். அந்தப் பெண்மணி இடுப்பிலிருந்து கையை எடுத்தார். "அப்டி சொல்லு" என்றார்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். அந்த வார்த்தை என்ன என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் ஏதோ சொல்வதற்குள் அவரே, "கலிஜ்? கொலிஜ்?" என்று இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார். அவர்கள் ஊரிலும் அப்படி ஒரு வார்த்தை உண்டாம், அழுக்கு என்றுதான் அர்த்தமாம். அதன் பிறகு நான் அந்த வரப்பில் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. "பேஜாரு?" என்று தோஸ்து கேட்டாள். "பேஜார்!" என்று அவர் தலையாட்டினார். "தோஸ்து?" என்றாள். பெரியவர் குழந்தை மாதிரி சிரித்து, "தோஸ்த், தோஸ்த்" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். திரும்பி வரும்போது இருவரும் வேனில் ஒரே இருக்கையில். எல்லா வார்த்தைகளும் எனக்குத் தெரிந்தவை. எங்கள் வீட்டில் சட்டம் போட்டு வெளியே துரத்திய வார்த்தைகள். அவை கடல் தாண்டி இன்னொரு ஊரில் இருந்திருக்கின்றன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் கூட்டத்தில் பெரியவர், வேனில் தோஸ்து விளக்கிச் சொன்னதையே ஒரு யோசனையாக வைத்தார். நிலத்தோடு பிறந்த உப்புக்கு எல்லா மொழியிலும் பெயர் இருக்கிறது, வெளியிலிருந்து வந்து படிந்த உப்புக்கும் எண்ணெய்க்கும் நம் பட்டியலில் பெயரே இல்லை, 'கலீஜ்' என்று ஒரு பிரிவு வைத்துக்கொள்வோம் என்றார். நான் எழுந்து நின்று மறுத்தேன். அது மண்ணின் பெயர் இல்லை, திட்டு. நாளைக்கு ஒரு விவசாயி நம்பிக்கையோடு மண்ணைக் கொண்டுவந்தால் அவர் கையில் திட்டை எழுதிக் கொடுப்போமா என்று கேட்டேன். இன்றைக்கும் அதே கருத்துதான் எனக்கு. அவள் அந்த விளக்கத்தை ஆராய்ந்து சொல்லவில்லை, அந்த அம்மாவிடம் அடி வாங்காமல் தப்பிக்கச் சொன்னாள். வாய்ச் சாமர்த்தியம் கொள்கையாகிவிட்டது. ஆனால் விளக்கம் நல்ல விளக்கம்தான், அதுதான் தாங்க முடியவில்லை. பிரிவு பட்டியலில் ஏறியது. அந்த இடமும் அவளுக்கே போனது.

விமான நிலையத்துக்கு அவளை வழியனுப்ப நான் போகவில்லை, தலைவலி என்றேன். நிஜமாகவே தலை வலித்தது.

அவள் அங்கே போய்ச் சும்மா இருக்கவில்லை. வயலில் மேடும் பள்ளமுமாக வெட்டி, மழைத்தண்ணீரால் மேட்டிலிருக்கும் உப்பைக் கழுவி இறக்கி, மேட்டில் காய்கறியும் பள்ளத்தில் மீனும் வளர்க்கும் முறையைப் படம் பிடித்து அனுப்பினாள். எண்ணூருக்கு வடக்கே அந்த வயலில் அதைச் செய்துகாட்டியது நான். உப்பை முறிக்கும் ஜிப்சம் எவ்வளவு, பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டை எப்போது மடக்கி உழுவது, எல்லாம் என் கணக்கு. இந்தப் பருவத்தில் மேட்டில் வெண்டை காய்த்திருக்கிறது. நிலத்துக்காரப் பெண்மணி ஒரு பை நிறையப் பறித்து என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அந்தத் தோஸ்து எப்பம்மா வரும்? அதுக்குத்தான் மொதக் காயி குடுக்கணும்னு இருந்தேன்" என்றார். வெண்டைக்காய் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு இறங்கவில்லை.

போன வாரம் அவள் வீடியோவில் கூப்பிட்டாள். "இன்னாமே, மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற?" என்றாள். எனக்கு என்ன தோன்றியதோ, நானும் அப்படியே பேசிப் பார்த்தேன். "நான் நல்லாதான் கீறேன், நீ இன்னா பண்ணிகினு கீற?" என்றேன். எழுத்துப் பிசகாமல் சரியாகத்தான் சொன்னேன். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அய்யோ, வாணாம்மே, சினிமால பேசுற மாதிரியே கீது" என்றாள். என்னைக் கேலி செய்யவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. எங்களை இளக்காரம் செய்ய வெளியாட்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படித்தான் என் வாயில் வந்திருக்கிறது. போனை வைத்த பிறகு கண்ணாடி முன்னால் போய் நின்றேன். என்ன சொல்லிப் பழகுவது என்று தெரியவில்லை.

இன்று டப்பாவில் இருந்த மண்ணைச் சோதித்து முடித்தேன். அவர்கள் விடையும் என் விடையும் ஒத்துப்போயின. மீந்த மண்ணோடு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு மாலை வீட்டுக்கு வந்தேன். நைனா ஹாலில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்து அவர் கையில் கொஞ்சம் கொட்டினேன். இந்த மாதிரி மண்ணை நம் பக்கத்தில் என்னவென்று சொல்வோம் என்று கேட்டேன். எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. அதை அவர் வாயால் நான் கேட்க வேண்டியிருந்தது.

அவர் விரலால் மண்ணைத் தேய்த்தார், முகர்ந்து பார்த்தார். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது, நான் பார்த்தேன். அதை விழுங்கிவிட்டு, என்னைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்: "இது அசுத்தமான மண்ணு அம்மா."

பிறகு டப்பாவைத் திருப்பி, கண்ணுக்கு எட்டத் தள்ளிப் பிடித்து, சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

"அட, கலீஜு! நம்ம ராயபுரத்துப் பொண்ணு எய்தினதா? எப்டி கீது அது?"

"நன்றாக இருக்கிறாள் நைனா" என்றேன். மண்ணை டப்பாவில் திரும்பக் கொட்டி, நீல மூடியைப் போட்டு இறுக்கினேன்.