யோவானாவின் கால் இறங்கும் வரை

ரூசே நகரத்துப் பாலே பள்ளியில் வெனேத்தாவுக்குப் பியானோ வாசிக்கிற வேலை. ஆனால் பியானோவை அவள் குனிந்து பார்த்ததே கிடையாது. கண் எப்போதும் பிள்ளைகளின் கால்மேல்தான். கம்பியைப் பிடித்து வரிசையாக நிற்கும் வாண்டுகளில் கடைசி ஆள் யோவானா. தூக்கிய காலை இறக்க அவளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு மூச்சு வேண்டும். அந்தக் கால் தரையைத் தொடும்வரை வெனேத்தா கடைசி ஸ்வரத்தை விடமாட்டாள். "அவசரமில்லடி, மெதுவா," என்பாள்.

வந்த கேடு அந்தக் கைக்கா வர வேண்டும்? வலது மணிக்கட்டில் நரம்பு நெருக்கி, காபிக் கோப்பையைத் தூக்கினாலே விரல் மரத்துப்போயிற்று. அறுவை செய்தே ஆக வேண்டும் என்றுவிட்டார் டாக்டர். வசந்த விழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"வெனேத்தாக்கா, எல்லாத்தையும் பதிவு பண்ணிக் குடுத்துட்டுப் போங்க. லேப்டாப்புல ஓட்டிக்கிறேன்," என்றாள் நடனம் சொல்லிக்கொடுக்கும் கலினா.

சரி என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கணக்குப் போட்டாள். லேப்டாப்புக்குச் சம்பளம் வேண்டாம், மணிக்கட்டும் வலிக்காது. அது ஒழுங்காக வாசித்துவிட்டால் அப்புறம் இவள் எதற்கு? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற காரியம் இது என்று புலம்பிக்கொண்டேதான் வீட்டு டிஜிட்டல் பியானோ முன்னால் உட்கார்ந்தாள்.

மத்தியானம் அந்தக் குடியிருப்பில் சத்தம் கூடாத நேரம். கீழ்வீட்டு கென்சோ அதற்குக் காவல் தெய்வம். மேலே நாற்காலி நகர்ந்தால்கூடக் கரண்டியால் வெந்நீர்க் குழாயைத் தட்டுவார். அதனால் ஹெட்போனைச் செருகி, லேப்டாப்பை எதிரே திறந்து வைத்து, உருகி உருகி வாசித்தாள். போட்டுக் கேட்டால் சங்கீதத்தையே காணோம். கட்டைகள் டொக்கு டொக்கென்று அடிபடும் சத்தம், அதன்மேல் அவள் குரல்: "முட்டியை நீட்டு. வயித்தை உள்ள இழு." பாட்டெல்லாம் ஹெட்போன் வழியாக அவள் காதோடு போய்விட்டது, லேப்டாப்புக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

கதவு தட்டப்பட்டது. கென்சோ.

"ஏம்மா, மனுஷன் தூங்குற நேரத்துல என்ன ஆணி அடிக்கிறே?"

"பியானோ வாசிச்சேன்யா."

பதிவைப் போட்டுக் காட்டினாள். அவர் தொந்தி குலுங்கச் சிரித்தார். "இதுக்கு ஆடினா பிள்ளைங்க தச்சு வேலைக்குத்தான் போவும்."

ஆனாலும் நல்ல மனுஷன். வீட்டுக்குப் போய் டிவி ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பியானோவில் ஹெட்போனுக்கு இரண்டு துளைகள். ஒன்றில் ஒயரைச் செருகி, மறுமுனையை லேப்டாப்பின் மைக் துளையில் சொருகினார். முதலில் கரகரவென்று அலறியது. பியானோவின் சத்தத்தைக் குறைத்ததும் பாட்டு கழுவித் துடைத்ததுபோல் பதிவானது.

"கச்சேரி மாதிரி இருக்கும்மா," என்றார் கென்சோ.

வெனேத்தாவுக்கு முகம் விழுந்துவிட்டது. பயிற்சி முடிகிற இடத்தில் பாட்டு டக்கென்று நின்றது. பார்க்கக் கால்கள் இல்லாததால் தாளத்துக்கு வாசித்து முடித்திருக்கிறாள். யோவானாவின் கால் இன்னும் ஆகாயத்தில் அல்லவா இருக்கும்! இப்படியே கொடுத்துவிடலாம், பிள்ளைகள் தடுமாறினால் தன் அருமை தெரியும் என்று ஒரு மனம் சொன்னது. சீ, என்ன புத்தி இது என்று அடுத்த நிமிஷமே வெட்கப்பட்டாள்.

"யோவ் கென்சோ, அந்த நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுக் காலைத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்குய்யா. நான் தலையசைச்சா மெதுவா இறக்கு."

வீட்டுச் செருப்போடு, காதில் ஒரு சத்தமும் விழாமல், மனுஷர் காலைத் தூக்கினார். இறக்குவதற்குள் அவருக்கும் ஒரு மூச்சு கூடுதலாகத்தான் வேண்டியிருந்தது. வெனேத்தா காத்திருந்தாள். மரத்த கையை இடையிடையே உதறிக்கொண்டு, ஒவ்வொரு பயிற்சியையும் அப்படியே பதிவு செய்தாள். ஒருமுறை கென்சோவின் கால் தொப்பென்று விழ, எந்த வீட்டிலிருந்தோ குழாயைத் தட்டினார்கள். காவல் தெய்வம் நாக்கைக் கடித்துக்கொண்டது.

விழா நடந்து முடிந்தது. "பிரமாதம்க்கா, ஒரு பிள்ளைகூடத் தப்பு பண்ணலை," என்று கலினா போனில் சொன்னாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்ததும் கட்டுப் போட்ட கையைப் பார்த்து அழுதாள்.

கட்டுப் பிரித்தபின் பயந்துகொண்டேதான் பள்ளிக்குப் போனாள். கலினா லேப்டாப்பை மூடிவிட்டுப் பியானோவைக் காட்டினாள். வாசித்தாள். விரல்கள் விறைத்திருந்தன. முடிவில் வலது கை கடைசி ஸ்வரத்துக்கு எட்டவில்லை, நேரம் தாண்டிவிட்டது. போச்சு என்று நிமிர்ந்து பார்த்தாள்.

வரிசை முழுக்கக் கால்கள் ஆகாயத்தில் நின்றன. ஒருத்தியும் இறக்கவில்லை. கடைசியில் நின்ற யோவானாவுக்குக் கால் வெடவெடவென்று நடுங்கியது, அவளும் இறக்கவில்லை.

"அவசரமில்ல டீச்சர், மெதுவா," என்றாள்.