கித்தான் தைத்தவள்

பழைய காரிலிருந்து கழற்றிய எஞ்சினைப் பூட்டி ஒரு வள்ளம் கட்டப்போகிறேன் என்று என் கணவர் சொன்னபோது, எங்கள் ஊரான குருநகரில் சிரிக்காதவர்கள் குறைவு. நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். என் கைகளாவது தப்பியிருக்கும்.

எங்கள் வீட்டு வளவில் அவர் அடித்த பலகைகளுக்கிடையே வெளிச்சம் தெரிந்தது. தண்ணீர் புகாமலிருக்க, அடிப்பக்கம் முழுவதையும் கித்தான் துணியால் போர்த்த வேண்டியதாயிற்று. அதைத் துண்டு துண்டாகப் பொருத்தித் தைத்தவள் நான். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, சூடு ஆறுமுன் அதன்மேல் தேய்த்தவளும் நான்தான். உள்ளங்கைத் தோல் உரிந்துபோனதால், சோற்றைக் கரண்டியால் அள்ளித் தின்றேன்.

கடலில் இறக்கும் நாளில் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். நான் ஏறுவதற்காக வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தேன். கணவரின் தமையன் குறுக்கே கையை நீட்டினார்.

"பொம்பிளை முதல் ஏறினா வள்ளம் உருப்படாது. நீ கரையிலை நில், பிள்ளை."

வேலை நடந்த காலமெல்லாம் எங்கள் வளவை எட்டியும் பாராத மனிதர் அவர். நான் கணவரைப் பார்த்தேன். அவரோ, துடைத்து முடித்த எஞ்சினை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம், நிக்கிறன்," என்றேன். "நான் தைச்ச கித்தானை உரிச்சுத் தந்திட்டு வள்ளத்தைக் கொண்டுபோங்கோ."

கித்தானை ஒருவரும் உரிக்கவில்லை. என்னைக் கரையில் விட்டுவிட்டு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே வரவில்லை. பொம்பிளை ஏறாததால்தான் என்று தமையன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.